சாயம் போன ஷூ

எங்கள் கடையில் கால் அளக்கும் மெஷின் வந்துவிட்டது. கண்ணாடித் தட்டில் ஏறி நின்றால் போதும். பாதத்தின் நீளம், அகலம், உள்வளைவு எல்லாம் திரையில் தெரிந்துவிடும். வந்த அன்று நானும் ஏறி நின்று பார்த்தேன். இத்தனை வருஷம் தரையில் முட்டி போட்டு ஊரார் கால்களை அளந்தவன் நான். என் இடதுகால் வலதுகாலைவிடக் கொஞ்சம் நீளம் என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்த மெஷின்தான். நல்ல மெஷின். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

முட்டி தேய்ந்துபோய், தரையில் உட்கார்ந்து எழும்புகிற வேலை இனி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் முப்பத்து நான்கு வயதில் ஷூ கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். இதை நான் 'ஓய்வு' என்று சொன்னால் கடையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பிரிவு உபசாரத்துக்கு பிரியாணி வாங்கி வைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு காரியம் கேட்டார்கள். ஓடுகிறவர்களுக்கு ஷூ எப்படிப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று எழுதித் தந்துவிட்டுப் போங்கள், கரண்டு போனால் மெஷின் வேலை செய்யாது, அப்போது நாங்கள் என்ன செய்வோம் என்றார்கள். நியாயமான கேள்விதான். எழுத உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் ராஜையன் அண்ணாச்சியின் காலில் போய் நின்றது. ஆகவே அதையே எழுதுகிறேன். எழுத வேண்டியது எல்லாம் அதற்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கோட்டாறு சந்தையில் மூட்டை சுமந்தவர். பி.காம். முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் சேர்ந்தேன். கல்லாவில் உட்காரலாம் என்ற நினைப்பில் போனேன். ஷூ பிரிவில் போட்டார்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்து வேலையைப் பற்றிச் சொன்னபோது அம்மா, "காலேஜுக்குப் போனது ஊரான் காலப் பிடிக்கதுக்காலே?" என்று கேட்டாள். மறுநாளும் போனேன். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஷூ பிரிவுக்குப் பொறுப்பு ஷீபா அக்கா. கல்லூரிக் காலத்தில் எண்ணூறு மீட்டர் ஓடியவர். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், நேராகக் காலைத்தான் பார்ப்பார். சைஸ் என்ன என்று கேட்கவே மாட்டார். ஆள் தானாகச் சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். பழைய ஷூவைக் கழற்றச் சொல்லி, அடைக்கோழிக்கு அடியில் முட்டை தேடுகிறவள் மாதிரி உள்ளே கையை விட்டுத் துழாவுவார். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உள்ளே எங்கே துணி கிழிந்திருக்கிறது, விரல் எங்கே குழி போட்டிருக்கிறது என்று அதிலேயே பாதி விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும்.

மிச்சத்துக்கு ஆளை நிற்க வைத்து இரண்டு காலையும் அளக்க வேண்டும். உட்கார வைத்து அளந்தால் கால் சின்னதாகத்தான் காட்டும், பாரம் ஏறினால்தான் பாதம் விரியும். பெரிய காலுக்குத்தான் ஷூ பார்க்க வேண்டும். முடிந்தால் சாயங்காலம் வரச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கால் வீங்கி அதன் உண்மையான அளவில் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். உள்ளே கிடக்கும் மெத்தையை வெளியே எடுத்து அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னால், பாதம் பிதுங்குகிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் செருப்பில் வளர்ந்தவர்கள். முன்பாதம் பரந்திருக்கும், குதிகால் ஒடுங்கியிருக்கும். இப்படிப்பட்டவர்கள் அகலம் போதாமல் ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிட்டு, குதிகால் கழன்று கழன்று ஓடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அகலம் கூடிய ஷூ, நீளம் கூடியது இல்லை.

இத்தனையும் முடிந்தபின் போட்டுவிட்டு எதிரே உள்ள டீக்கடை வரை ஓடிவிட்டு வரச் சொல்வோம். வந்து நின்றதும் கேட்பது ஒரே கேள்வி. எப்படி இருக்கு, எங்கயாவது கடிக்குதா? கடைசியில் எல்லாம் அந்தப் பதிலில்தான் முடியும்.

விற்க மறுக்கவும் ஷீபா அக்கா தயங்க மாட்டார். போலீஸ் தேர்வுக்கு ஓடப்போகிற ஒரு பெண், மறுநாள் ஓட்டத்தை வைத்துக்கொண்டு புது ஷூ கேட்டு வந்தாள். அதுவரை வெறுங்காலில் ஓடிப் பழகியவள். "இன்னைக்கு இத வாங்கிட்டுப் போனா நாளைக்கு ஷூதான் ஓடும், நீ ஓடமாட்ட. வெறுங்காலோடயே ஓடு, போ" என்று அனுப்பிவிட்டார். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. அந்தப் பெண் தேர்வாகி, முதல் சம்பளத்தில் ஷூ வாங்க எங்கள் கடைக்குத்தான் வந்தாள். அதற்கப்புறம் முதலாளி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனி ஆடிச் சாரலில் குலசேகரம், அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு விசித்திரமான புகார் வரும். வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை, அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது, உடனே மாற்றித் தர வேண்டும் என்பார்கள். ஒருமுறை அப்படி ஒருவர் கடையே அதிரச் சண்டை போட்டார். ஷீபா அக்கா அந்த ஷூவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு மெதுவாக, "ஷீட்டு நல்லா காஞ்சுதா அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் அப்படியே அடங்கிவிட்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரப்பர் தோட்டக்காரர்கள் வீட்டில் ரப்பர் ஷீட் காயவைக்கப் புகைப்புரை இருக்கும். சின்ன அறைதான். அடியில் தீ மூட்டி, மேலே கம்புகளில் ஷீட்டைத் தொங்கவிட்டிருப்பார்கள். விடாத மழையில் நனைந்த ஷூவையும் அதிலேயே தொங்கவிடுவார்கள். ஷீட் காயும். ஷூவில் பசை விடும், அடியில் உள்ள நுரை சுருங்கும், முன்பக்கம் விறைத்துப்போகும். எங்கள் மாவட்டத்தைத் தவிர வேறெங்கும் ஷூ கடைக்காரனுக்கு இந்தப் புகார் வராது என்று நினைக்கிறேன். அதை ஒரு தமாஷாகத்தான் வைத்திருந்தோம்.

ராஜையன் அண்ணாச்சி அருமனைக்காரர். வளைகுடாவில் வெகுகாலம் லாரி ஓட்டிவிட்டு வந்து, கொஞ்சம் ரப்பரைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார். நெடுநாளாகச் சுகர். நடக்கச் சொன்னாராம் டாக்டர். இவர் ஊரில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு விடியற்காலையில் ஓடவே தொடங்கிவிட்டார். ஓடத் தொடங்கியபின் தூக்கம் வருகிறது, வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது என்று ஷூ வாங்க வந்த அன்று பெருமையாகச் சொன்னார். அன்று அவருக்குப் பார்த்துக் கொடுத்தது ஷீபா அக்காதான். நீல ஷூ, உள்ளே சிவப்பு மெத்தை. அளவு கச்சிதம். டீக்கடை வரை ஓடிவிட்டு வந்து, பஞ்சு மாதிரி கிடக்கு மக்ளே என்றார்.

மழை பிடித்தபின் ஒரு மத்தியானம் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். ஷீபா அக்கா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கையில் ஒரு பையில் வெள்ளைக் காலுறைகள். நுனியில் எல்லாம் செம்மண் நிறத்தில் கறை.

"மக்கா, ஒங்க ஷூ சாயம் போவுது கேட்டியா. சிவப்பு மெத்த இல்லியா, அது இறங்கி சாக்ஸெல்லாம் கெட்டுப்போச்சு. எனக்க வீட்டுக்காரி தொவச்சுத் தொவச்சு என்னத் திட்டுகா" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் பத்து கிலோமீட்டர் ஓட்டம், பெயர் கொடுத்திருக்கிறேன், அதற்குள் மாற்றித் தந்துவிடு என்றார். அன்று கறுப்புக் காலுறை போட்டு வந்திருந்தார். கறுப்பில் சாயம் தெரியாதாம்.

அந்த ஷூவை நாங்கள் நிறையப் பேருக்குக் கொடுத்திருந்தோம். சாயம் போகிறது என்று ஒருவரும் வந்ததில்லை. உட்காரச் சொல்லி, முட்டி போட்டு நாடாவை அவிழ்த்தேன். புகை வாசம் வந்தது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. புகைப்புரையில் போட்டீர்களா என்று கேட்டேன். மழையில் வேறு எங்கே மக்கா காயப்போட, என்றார். வலதுகால் ஷூ எளிதில் கழன்று வரவில்லை, இழுத்தேன். புகைக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது. அது என்ன என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

பழக்கத்தில் கையை உள்ளே விட்டேன். நுனியில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. ஓடும்போது கல் புகுந்திருக்கிறது, அதுதான் உறுத்தியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

நகம். பெருவிரல் நகம், முழுதாக.

அண்ணாச்சியும் குனிந்து பார்த்தார். "என்ன மக்கா அது, சிப்பியா?" என்று கேட்டார்.

உள்ளங்கையை மூடிக்கொண்டேன். நகம் பெயர்ந்த காலோடு ஒரு மனிதர் அருமனையிலிருந்து பஸ் ஏறி, வடசேரியில் இறங்கி நடந்து வந்து, என் முன்னால் காலை நீட்டிக்கொண்டு சாயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். எழுந்துபோய் ஷீபா அக்காவைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு வந்தார்.

நுனி கிழிந்திருந்த காலுறை விரலோடு ஒட்டியிருந்தது. ஷீபா அக்கா தண்ணீர் விட்டு நனைத்து, நூல் நூலாகப் பிரித்து எடுத்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் என் பல் கூசியது. அண்ணாச்சி சுவரில் இருந்த புது ஷூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலுறை வந்ததும், பெருவிரல் கறுத்துப்போய், நுனி திறந்து, உள்ளே இருப்பது தெரிந்தது. அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

இந்தக் கறுப்பைப் பார்க்கவில்லையா என்று அக்கா கேட்டார். பார்த்தாராம். ரப்பர் பால் பட்டால் கறை கறுப்பாகப் பிடிக்கும், தோட்டத்துக்காரன் காலில் அது எப்போதும் கிடப்பதுதானே, அப்படித்தான் நினைத்தாராம்.

அக்கா வலதுகாலின் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தன் நகத்தால் அழுத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன். அழுத்திய இடம் வெளுத்துச் சிவந்தது. அண்ணாச்சி பொறுத்துப் பார்த்துவிட்டு, "தொட்டுப் பாக்கணும்னா தொடு மக்ளே, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"நான் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி" என்றார் ஷீபா அக்கா.

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்குக்கூட விளங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு மட்டும் விளங்கவில்லை. நோவில்லாத புண்ணுக்கு எதற்கு ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம், நீ ஷூவைக் கொடு என்றார். வயிறு தட்டுவதால் அவரால் நன்றாகக் குனிந்து தன் பாதத்தைப் பார்க்க முடியாது. அக்கா தன் செல்போனில் அடிப்பாதத்தைப் படம் பிடித்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் அதைத் தள்ளி வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"இது யாருக்க காலு?" என்றார்.

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தார். போனை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டோ பிடித்து நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் காலை என் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், வைத்தார். உள்ளே கொண்டுபோனபின் வெளியே பெஞ்சில் இருந்தேன். சாயங்காலம் அவர் மனைவி சரோஜா அக்கா வந்தார். அவர் என்னிடம் முதலில் கேட்டதும் சாயத்தைப் பற்றித்தான். அத்தனை நாள் சோப்புப் போட்டுத் தேய்த்தது ரத்தம் என்பதை அவரிடம் யாராவது சொல்லியாக வேண்டும். நான் சொன்னேன். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் பாதமே போயிருக்கும் என்றாராம் டாக்டர். நெடுநாள் சுகரில் காலில் உணர்வு போய்விடும், கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போனதே தெரியாது என்று விளக்கியிருக்கிறார்.

மறுநாள் ஷீபா அக்கா அந்த நீல ஷூவையும், அதே சைஸில் புதிய ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புகைப்புரையில் காய்ந்தது நீளத்தில் ஒரு கட்டைவிரல் அகலம் குறைந்து, முன்பக்கம் மரம்போல ஆகியிருந்தது. உணர்வுள்ளவன் அதில் பத்தடி நடக்க மாட்டான். இவர் ஒவ்வொரு நாளும் அதில் ஓடியிருக்கிறார். அக்கா சொன்னார்: "கடிக்குதான்னு கேட்டேன்லே. பஞ்சு மாதிரி இருக்குன்னாரு. அவருக்கு எல்லாமே பஞ்சுதான்."

அதுதான் என்னை உலுக்கியது. இன்றும் உலுக்குகிறது. பழைய ஷூவில் கை விடுவது, நிற்க வைத்து அளப்பது, மெத்தையை எடுத்துப் பார்ப்பது என்று எவ்வளவோ செய்கிறோம். முடிவை மட்டும் வாடிக்கையாளர் வாயிலிருந்து வாங்குகிறோம். 'நல்லா இருக்கு' என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போன எத்தனை பேருக்கு உண்மையில் கால் தெரிந்தது? இரவு பகலாக அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த நகத்தை எடுத்த விரலை எத்தனை தடவை கழுவியும் போதவில்லை.

அதற்குப்பின் சுகர் உண்டா என்று எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினோம். ஷூ வாங்க வந்தால் ஷூவைக் காட்டு, எனக்குக் கல்யாணத்துக்குப் பெண்ணா பார்க்கிறாய் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபித்தாலும் கேட்போம். உண்டு என்றால் கண்ணை மூடச் சொல்லி விரல்களைத் தொட்டு, எந்த விரல் என்று கேட்போம். சொல்லத் தெரியாதவர்கள் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். அவர்களை முதலில் டாக்டரிடம் அனுப்புவோம்.

புண் முழுக்க ஆறி, டாக்டர் நடக்கலாம் என்று அனுமதித்தபின், ராஜையன் அண்ணாச்சி மனைவியோடு கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். நடக்கத்தான் ஷூ என்றார். ஓடுகிறதெல்லாம் அப்புறம் டாக்டர் சொன்னால்தான் என்று சரோஜா அக்கா குறுக்கே சொன்னார். ஷீபா அக்கா, நீ பார் என்று என்னிடம் விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்.

பெருவிரல் இல்லாத கால் நிற்கும்போது வேறு விதமாக விரிகிறது. பாரம் அடுத்த விரல்களுக்குப் போகிறது. பாதத்தைத் தாளில் வரைந்து, அட்டையில் வெட்டி, அந்த அட்டையை ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் போட்டுப் பார்த்தேன். ஓரம் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். உள்ளே தையல் துருத்துகிறதா என்று விரலால் தடவினேன். மூன்று ஜோடியை அப்படியே தள்ளிவிட்டேன். நான்காவதில் அட்டை மடங்காமல் கிடந்தது. டாக்டர் சொல்லியிருந்தபடி தையலில்லாத வெள்ளைக் காலுறை போட்டு, நாடா கட்டி, கடைக்குள்ளேயே மெதுவாக நடக்கச் சொன்னேன். சரோஜா அக்கா கூடவே நடந்தார். திரும்பி வந்து நின்றதும், இத்தனை வருஷப் பழக்கத்தில் என் வாயில் வந்துவிட்டது.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?"

கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

"அத நீதான் மக்கா பறயணும்" என்றார்.

உட்கார வைத்து ஷூவைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். எங்கேயாவது உராய்ந்திருந்தால் தோல் சிவந்து காட்டும். குதிகால், பக்கவாடு, சுண்டுவிரல், விரல் எடுத்த இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார்.

"செவந்திருக்கா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. எங்கயும் இல்ல" என்றேன்.

சரோஜா அக்கா நான் சொன்னதை ஏற்றுக்கொள்ளவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தள்ளி இருக்கச் சொல்லி, சேலையை ஒதுக்கிக்கொண்டு கடைத் தரையில் முட்டி போட்டார். கணவனின் காலை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அவரே பார்க்கத் தொடங்கினார்.